மொறிஸ் மைனர் எஞ்சின் ஜாம், கைப்பிடி அசையவே இல்லை (திருகோணமலை)

உப்புவெளி மைனர்

எல்லோருக்கும் வணக்கம். மாமாவின் மொறிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்சின். 2022இல் பெற்றோல் வரிசை நாட்களில் வளவுக்குள் கொட்டிலில் விட்டது. பிறகு மாமாவுக்கு ஓட உடம்பு இடம் கொடுக்கவில்லை, கார் அப்படியே நின்றுவிட்டது. கடல் கூப்பிடு தூரத்தில். போதாக்குறைக்கு எயார் கிளீனரை யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். காபரேற்றர் வாயைப் பொலித்தீன் பையால் கட்டியிருந்தார்கள், பை வெயிலில் உக்கிக் கிழிந்து கிடந்தது.

பம்பர் துவாரத்தால் எஞ்சினைக் கையால் சுற்றும் கைப்பிடியைப் போட்டு இரண்டு பேர் சேர்ந்து அமத்தியும் ஒரு நூல்கூட அசையவில்லை. பிளக் மூன்று கழன்றது. நாலாவது, டாஷ்போர்டுப் பக்கத்தில் இருப்பது, வர மறுக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணை, "கியரில் போட்டு உழவு இயந்திரத்தால் ஒரு இழுவை இழுத்தால் தானாக விடும்" என்கிறார். செய்யலாமா? இன்னொருவர் பிறேக் ஒயில் ஊற்றச் சொல்கிறார், இன்னொருவர் டீசல் என்கிறார். புதுக்கார் விலை தெரியும்தானே, இதை எழுப்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

கிண்ணியா பாஸ்

தம்பி, உழவு இயந்திரக் கதையை இந்தக் காதால் கேட்டு அந்தக் காதால் விடுங்கள். அப்படி இழுக்கும்போது பின் சில்லின் பலம் முழுக்க எஞ்சினுக்குள் போய் விழும். பிஸ்ரன் கறளில் பிடித்திருந்தால் அதைச் சுற்றியிருக்கும் ரிங் உடையும். வால்வு பிடித்திருந்தால் அதைத் திறக்கும் தள்ளுகம்பி வளையும். அதிர்ஷ்டம் இருந்தால் ரயர் மண்ணில் இழுபடுவதோடு போகும்.

"எஞ்சின் ஜாம்" என்று சொல்கிறீர்கள். எஞ்சினில் எது ஜாம்? அதைக் கண்டுபிடிக்காமல் எதையும் ஊற்றவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம்.

முதலில் காற்றாடி பெல்ற்றைக் கழற்றுங்கள். டைனமோவோ தண்ணீர்ப் பம்போ இறுகியிருந்தால் பெல்ற் வழியாக அது கொஞ்சம் தடுக்கும். பெரும்பாலும் இதுவாக இராது, ஆனால் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது ஸ்ராட்டர். இந்தக் காரில் இருப்பது பழைய மாதிரி, மோட்டர் சுற்றத் தொடங்கியதும் பல்லுச்சில்லு தானே முன்னால் ஓடிப் பறக்கும் சில்லைப் பிடிக்கும். சிலவேளை பிடித்தபடியே சிக்கிக்கொள்ளும். ஸ்ராட்டரின் பின்முனையில் ஒரு சிறு மூடி, அதற்குள் சதுர முனை ஒன்று இருக்கும். ஸ்பனர் போட்டுத் திருப்பினால் சிக்கல் விடும். எத்தனையோ பேர் எஞ்சின் போய்விட்டது என்று கொண்டுவந்து, இந்தச் சதுர முனையில் ஒரு திருப்பில் வேலை முடிந்து போயிருக்கிறார்கள். எப்படியும் ஸ்ராட்டரை முழுதாகக் கழற்றியே வையுங்கள், அந்த ஓட்டை பிறகு தேவைப்படும்.

பிறகு சம்ப் போல்ற், அதாவது எஞ்சினின் அடியில் ஒயில் தொட்டியை வடிக்கும் போல்ற். முழுதாகக் கழற்றாமல் தளர்த்தி, முதலில் என்ன வடிகிறது என்று பாருங்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரம், அடியில்தான் நிற்கும். சுத்தத் தண்ணீர் வந்தால் பெயரிங்கிலும் கறள் இருக்கலாம், வேலை பெரிது. கறுத்த ஒயில் மட்டும் வந்தால் அல்ஹம்துலில்லாஹ், பிரச்சினை மேலேதான்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். பற்றரியை மட்டும் இப்போதைக்குப் பூட்ட வேண்டாம்.

ஸ்காபரோ ரவி

பாஸ் சொன்னதுதான் சரி. ஆனால் பிஸ்ரன்தான் என்று உறுதியானால் ஏடிஎஃப் பாதி, அசிற்றோன் பாதி கலந்து ஊற்றுங்கள். ஓட்டோமற்றிக் கியருக்கு விடும் அந்தச் சிவப்பு ஒயில்தான். இங்கே பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதன் மேல்தான் சத்தியம் செய்கிறார்கள். கடையில் விற்கும் எந்த ஸ்பிரேயையும் விட நல்லது.

மட்டு லேத்

ரவி அண்ணை, அந்தக் கலவை நட்டுக்கும் போல்ற்றுக்கும் நல்லதுதான், மறுக்கவில்லை. சிலிண்டருக்குள் ஊற வைப்பதற்குச் சரிவராது. அசிற்றோனும் ஏடிஎஃபும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை, குலுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பிரிந்து நிற்கும். நம்மூர் வெயிலில் அசிற்றோன் ஆவியாகிப் போய்விடும், மிச்சம் நிற்பது வெறும் ஏடிஎஃப். அதற்கு ஏன் அசிற்றோன்? போதாததற்குப் பெயின்ரைக் கரைக்கும், பொறி பட்டால் பற்றும்.

டீசல் இரண்டு பங்கு, ஏடிஎஃப் ஒரு பங்கு. எங்கள் பட்டறையில் இதுதான். வாரக்கணக்கில் நிற்கும், மெல்ல மெல்ல இறங்கும்.

பிறேக் ஒயில் வேண்டவே வேண்டாம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நாம் ஈரத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஸ்காபரோ ரவி

இங்கே மைனஸ் 15இல் ஆவியாகாது தம்பி, அதுதான் எங்களுக்கு வேலை செய்கிறது போலும் 😄 சரி, சிலிண்டருக்கு உங்கள் கலவை, நட்டுக்கு என் கலவை.

உப்புவெளி மைனர்

அசிற்றோன் இங்கே கஷ்டமில்லை, பைபர் படகு திருத்தும் இடத்தில் போத்தலில் தருவார்கள். டபிள்யூடி-40 ஒரு முழு ரின் வீட்டில் இருக்கிறது. அது போதாதா?

ஓர்ஸ்ஹில் பேரன்

டபிள்யூடி என்றாலே தண்ணீரை விலக்குவது என்றுதான் அர்த்தம், 40 என்பது அந்தக் கலவை சரிவந்த நாற்பதாவது முயற்சி. 1953இல் அமெரிக்காவில் ஏவுகணைக்குக் கறள் பிடிக்காமல் இருக்கச் செய்தது. அதாவது கறள் வருமுன் காப்பதற்கு. டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் நின்றால் அடியுங்கள், அருமை. பிடித்துவிட்ட நட்டுக்கு அது போதாது.

எங்கள் தாத்தா டொக்யார்ட்டில் பிட்டராக இருந்தவர், 1957இல் வெள்ளைக்காரர் இங்கிருந்த கடற்படைத் தளத்தைக் கையளிக்கும் வரைக்கும். அவருக்கு எல்லாமே மண்ணெண்ணெய், சூடு, சின்னச் சுத்தியல். பெரிய சுத்தியலைத் தொட்டால் பேச்சு விழும். "அடிக்கிற பலம் வேண்டாமடா, அதிர்வுதான் வேண்டும்" என்பார். கறள் இருந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் மரைக்குள் ஆப்பு வைத்த மாதிரி இறுகுகிறது. சின்னத் தட்டில் அந்தக் கறள் பொடிந்து வெடிப்பு விடும், அந்த வெடிப்பு வழியாகத்தான் எண்ணெய் உள்ளே போகும். வெறுமனே ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் மேலேயே நிற்கும்.

கிண்ணியா பாஸ்

தாத்தா நல்ல பிட்டர்.

நாலாம் பிளக்குக்கு அதே முறைதான். முதலில் பிளக் குழிக்குள் இருக்கும் மண்ணையும் கறளையும் ஊதித் தள்ளுங்கள். கம்பிரசர் இல்லாவிட்டால் சைக்கிள் பம்ப் போதும். ஊதாமல் கழற்றினால் அவ்வளவும் சிலிண்டருக்குள் போய்விடும். கலவையில் சில சொட்டு. சொக்கற்றைப் போட்டு அதன் தலையில் சின்னத் தட்டு. இரவு முழுக்க விடுங்கள். காலையில் கழற்றும் பக்கம் மயிரிழை திருப்பிப் பாருங்கள். அசைந்தால் உடனே மறுபடி இறுக்குங்கள், பிறகு கழற்றுங்கள், பிறகு இறுக்குங்கள். போய் வந்து போய் வந்துதான் கறளை அரைக்க வேண்டும். அசைந்த சந்தோஷத்தில் ஒரே இழுப்பாக இழுப்பவர்கள்தான் மரையைக் கையில் எடுப்பார்கள்.

சொக்கற் 13/16 அங்குலம், 21 மில்லிமீற்றரும் பொருந்தும். பைப் போட்டு நீட்டி இழுக்க வேண்டாம்.

உங்கள் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி, வார்ப்பிரும்பு. அதனால் வெளியிலிருந்து கொஞ்சம் சூடு காட்டினாலும் தாங்கும்.

சாம்பல்தீவு மதி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகன், 4கே எஞ்சின். எனக்கும் ஒரு பிளக் இறுக்கமாக இருக்கிறது. இதே மாதிரிச் சூடு காட்டலாமா?

கிண்ணியா பாஸ்

வேண்டாம் தங்கச்சி. 4கே ஹெட் அலுமினியம். அலுமினியத்தில் பிளக் கழற்றுவதென்றால் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டில் மரை மெதுவாகி பிளக்கோடு சேர்ந்து உரிந்து வரும். எண்ணெய், பொறுமை, கொஞ்சம் கொஞ்சமாகப் போய் வருதல், இவ்வளவுதான். திரும்பப் பூட்டும்போது விரலால் மட்டும் மரை பிடிக்கும் வரை சுற்றுங்கள், பிறகுதான் ஸ்பனர்.

உப்புவெளி மைனர்

நாலாம் பிளக் வந்துவிட்டது! நேற்றுப் பின்னேரம் ஊதி, சொட்டு விட்டு, தட்டிவிட்டுப் படுத்தேன். இன்று காலை முதலில் 'கிரீச்' என்று ஒரு சத்தம், முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். பாஸ் சொன்னபடி போய் வந்து போய் வந்து கடைசியில் கையாலேயே கழன்றது. மரை முழுக்கச் செங்கல் நிறப் பொடி.

பெல்ற் கழற்றினேன், டைனமோ சுற்றுகிறது. ஸ்ராட்டரும் கழற்றியாயிற்று, சிக்கல் இல்லை. சம்பில் கறுத்த ஒயில் மட்டும். கைப்பிடி இன்னும் அசையவில்லை.

போனில் வெளிச்சம் போட்டு நாலாம் ஓட்டைக்குள் பார்த்தால் சிவப்பாகத் தெரிகிறது. மற்ற மூன்றும் கறுப்புத்தான்.

கிண்ணியா பாஸ்

இப்போது பேசலாம். நாலு சிலிண்டருக்கும் கலவையை ஒரே அளவாக விடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் தேநீர்க் கோப்பையில் பாதி. பிறகு மெல்லிய கம்பியை விட்டு எண்ணெய் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். இறங்கும் சிலிண்டரில் ரிங்குக்குப் பக்கத்தால் வழி இருக்கிறது. இறங்காமல் நிற்பதுதான் குற்றவாளி.

அதே கம்பியால் பிஸ்ரன் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். 1உம் 4உம் சேர்ந்து ஏறும், 2உம் 3உம் சேர்ந்து ஏறும். ஏன் கேட்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

ஊற்றிய பிறகு யார் கைப்பிடியைத் தொட்டாலும் பிளக் பூட்டியிருக்கக் கூடாது. எண்ணெயை நசுக்க முடியாது, மேலே போக வழி இல்லாவிட்டால் பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் றொட் வளையும்.

யாழ் கேம்பிரிட்ஜ்

என்னிடம் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60. கிட்டத்தட்ட இதே கதை, ஆனால் எனக்குப் பிஸ்ரன் இல்லை, வால்வு. வால்வை அமத்தும் ரொக்கர்களை மூடியிருக்கும் ரொக்கர் கவரைக் கழற்றிப் பார்க்காமல் கைப்பிடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. ஒரு வால்வு திறந்தபடியே வழிகாட்டிக் குழலில் பிடித்துக்கொண்டிருந்தது, ரொக்கர் தளர்ந்து ஆடியது. எண்ணெய் விட்டு, பித்தளைத் துண்டொன்றை வைத்து மெல்லத் தட்டத் தட்ட ஏறி இறங்கத் தொடங்கியது. ஹெட்டே கழற்றாமல் முடிந்தது.

நீங்களும் கவரைக் கழற்றி எட்டு வால்வையும் பாருங்கள்.

உப்புவெளி மைனர்

கவரைக் கழற்றிவிட்டேன். நாலாம் சிலிண்டரின் உறிஞ்சும் வால்வு திறந்தபடி நிற்கிறது. ஆனால் ரொக்கர் தளரவில்லை, வால்வைத் திறக்கும் கேம் தள்ளித்தான் திறந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மற்ற வால்வுகளைக் கட்டையால் அமத்திப் பார்த்தேன், ஸ்பிரிங் வேலை செய்கிறது.

எண்ணெய் 1, 2, 3இல் இறங்கிவிட்டது. 4இல் ஊற்றியது ஊற்றியபடி நிற்கிறது. பிஸ்ரன் நாலும் கிட்டத்தட்ட ஒரே உயரம், பாதி வழியில்.

மட்டு லேத்

கதை முழுதாகப் புரிந்துவிட்டது. இந்த எஞ்சினில் 3க்கும் 4க்கும் உள்ளே போகும் வழி ஒன்றுதான், ஹெட்டுக்குள்ளேதான் பிரியும். கிழிந்த பை வழியாக மாரி மழை காபரேற்றருக்குள் போய், திறந்திருந்த நாலாம் வால்வால் இறங்கி, பிஸ்ரன் மேலே குளமாக நின்றிருக்கிறது. 3இன் வால்வு மூடியிருந்ததால் அது தப்பியது.

பாதி வழியில் நிற்பது நல்லது. பிஸ்ரன் உச்சியிலோ அடியிலோ நின்றால் றொட் நேர்கோட்டில் நிற்கும், மேலே எவ்வளவு தட்டினாலும் பெயரிங்தான் அடி வாங்கும், கிராங் சுற்றாது. பாதியில் நின்றால் மேலிருந்து தரும் தட்டு சுற்றும் பலமாக மாறும்.

கிண்ணியா பாஸ்

அதற்குத்தான் கம்பி விடச் சொன்னேன், லேத் தம்பி முந்திக்கொண்டார்.

என் யோசனை, ஹெட்டைக் கழற்றுங்கள். கழற்றாமலே ஊற வைத்து அசைத்துவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உங்கள் நாலாம் சிலிண்டரில் பிஸ்ரனுக்கு மேலே சுவரைச் சுற்றிக் கறள் வளையம் இருக்கும். அதைத் துடைக்காமல் பிஸ்ரனை மேலே ஏற்றினால் ரிங் அதில் இடித்து முறியும். எஞ்சின் சுற்றும், ஆனால் புகைக்கும், பிறகு எப்படியும் கழற்ற வேண்டி வரும்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. பெரிய நட்டு ஒன்பது. அதில் நாலு, ரொக்கர் தூண்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. "ரொக்கரை மட்டும் கழற்றுகிறேன்" என்று அந்த நாலை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கம் இழுபடும், தண்ணீரும் சிலிண்டருக்குள் இறங்கும். முதலில் றேடியேற்றரையும் புளொக்கையும் வடித்துவிட்டு, ஒன்பதையும் நடுவிலிருந்து வெளியே கால் சுற்றுக் கால் சுற்றாக விடுங்கள்.

தள்ளுகம்பி எட்டையும் ஒரு மட்டையில் எட்டு ஓட்டை போட்டு வந்த வரிசையில் குத்தி வையுங்கள். தூக்கும்போது ஒவ்வொன்றையும் லேசாகத் திருகிவிட்டுத் தூக்குங்கள், இல்லாவிட்டால் கீழே கம்பியைத் தாங்கும் தப்பற் கூடவே எழும்பி விழும்.

ஓர்ஸ்ஹில் பேரன்

ஹெட்டுக்கு முன்னால், புகை போகும் மனிஃபோல்ட்டைப் பிடிக்கும் ஸ்ரட் (நட்டு பூட்டும் மரைக் கம்பி) ஆறு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் போகிறீர்கள். கடற்கரைக் காரில் ஆள் அழுவது அங்கேதான்.

உப்புவெளி மைனர்

அழுதுகொண்டுதான் இருக்கிறேன். நாலு வந்துவிட்டது, ஒன்று சுற்றுகிறது ஆனால் வரவில்லை, ஒன்று நட்டு வட்டமாகவே ஆகிவிட்டது.

மட்டு லேத்

வட்டமானதை உளியால் பக்கவாட்டில் பிளந்து எடுங்கள். நட்டு போனால் போகிறது, ஸ்ரட்தான் முக்கியம்.

சுற்றியும் வராதது ஸ்ரட்டோடு சேர்ந்து சுற்றுகிறதா பாருங்கள். அப்படியென்றால் ஸ்ரட்டே கழன்று வருகிறது, கவலையே இல்லை, அப்படியே எடுத்துவிடுங்கள். திரும்பப் போடும்போது பித்தளை நட்டு வாங்கிப் போடுங்கள். பித்தளை இரும்போடு கறளில் ஒட்டாது.

சூடு காட்ட வேண்டி வந்தால் நட்டை மட்டும் சூடாக்குங்கள், ஸ்ரட்டை அல்ல. நட்டு விரிய வேண்டும், உள்ளே இருப்பது விரியக் கூடாது. கொஞ்சம் ஆறியதும் மரையின் வாயில் மெழுகுதிரியை வையுங்கள். உருகி உள்ளே உறிஞ்சப்படுவது கண்ணால் தெரியும். எண்ணெய் போகாத இடத்துக்கும் சூட்டில் மெழுகு போகும். இது நான் படித்தது இல்லை, தினமும் செய்வது.

ஆனால் அதற்கு முன் காபரேற்றரும் பெற்றோல் குழாயும் கழன்று தூரத்தில் இருக்க வேண்டும். இதுவரை அடித்த எண்ணெய் எல்லாம் துடைத்திருக்க வேண்டும். ரவி அண்ணையின் அசிற்றோன் போத்தல் வளவின் மற்ற மூலையில் இருக்க வேண்டும். பிறேக் கிளீனர் அடித்த இடத்தில் ஒருபோதும் நெருப்புக் காட்ட வேண்டாம். சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும், சூட்டில் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும், நெஞ்சைப் பிடிக்கும்.

யாழ் கேம்பிரிட்ஜ்

ஸ்ரட் முறிந்தால்?

மட்டு லேத்

கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் பிடியுங்கள். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும், சிவப்பு ஆறியதும் ஸ்பனர் போட்டுத் திருப்பினால் வரும். உள்ளே முறிந்தால் சரி நடுவில் குறியிட்டு, சின்ன பிற்றில் தொடங்கித் துளைக்க வேண்டும். அதற்குப் பிறகு 'ஈசி அவுட்' என்ற, முறிந்ததைக் கழற்றும் கருவியை அடித்துத் திருகுவார்கள். நான் விரும்புவதில்லை. அது கடின உருக்கு, உள்ளே முறிந்தால் சாதாரண பிற் அதைத் தொடாது. அந்தக் கட்டத்தில் கையை எடுத்துவிட்டு ஹெட்டைப் பட்டறைக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

உப்புவெளி மைனர்

மனிஃபோல்ட் கழன்றது, மெழுகு வேலை செய்தது. ஆனால் ஹெட் எழும்பவில்லை. ஒன்பது நட்டும் கையில், ஹெட் அசையாமல் இருக்கிறது. ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பலாமா?

கிண்ணியா பாஸ்

ஐயோ வேண்டாம்! அந்தத் தளம் கீறினால் புதுக் கஸ்கற் போட்டாலும் கசியும்.

பிடித்திருப்பது கஸ்கற் அல்ல, ஸ்ரட்தான். ஸ்ரட் போகும் துவாரத்துக்குள் கறள் நிரம்பியிருக்கும். ஒவ்வொரு ஸ்ரட்டைச் சுற்றியும் எண்ணெய் விடுங்கள், ஸ்ரட்டின் தலையில் பித்தளையால் தட்டுங்கள், ஒரு நாள் விடுங்கள். பிறகு ஹெட்டின் பக்கங்களில் மரக்கட்டை வைத்து அந்தப் பக்கம் ஒரு தட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு. ஏதாவது ஸ்ரட் மட்டும் அடம் பிடித்தால் இரண்டு நட்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு ஒன்றை ஒன்று இறுக்கி, அடி நட்டில் ஸ்பனர் போட்டால் ஸ்ரட்டே கழன்று வரும்.

சிலிண்டருக்குள் கயிறு திணித்து எஞ்சினைச் சுற்றி ஹெட்டைத் தூக்கும் வித்தை ஒன்று உண்டு. அருமையான வித்தை, ஆனால் சுற்றாத எஞ்சினுக்கு அது எதற்கு!

சாம்பல்தீவு மதி

என் பிளக் வந்துவிட்டது, நன்றி நானா. குளிரில், விடியற்காலையில்.

உப்புவெளி மைனர்

ஹெட் வந்தது. மச்சானும் நானும் இரு பக்கமும் பிடித்துத் தூக்கினோம், பாரமென்றால் பாரம்.

நாலாம் சிலிண்டரின் சுவரில் பிஸ்ரனுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு வளையம். பிஸ்ரன் தலையில் கறளும் எண்ணெயும் சேர்ந்து சேறு மாதிரி. மற்ற மூன்றும் பளபளப்பாக இருக்கிறது. லேத் அண்ணை சொன்னது அப்படியே.

கிண்ணியா பாஸ்

சேற்றை முழுதாக வழித்துத் துடைத்து எடுங்கள். சுவரில் கறளை மெல்லிய எமறிக் கடதாசியால், எண்ணெய் தொட்டு, சுற்றுவாக்கில் தேயுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் நெடுங்கோடு விழும். தேய்க்குமுன் பிஸ்ரனுக்கும் சுவருக்கும் நடுவில் கிறீஸைத் தடவுங்கள், பொடி ரிங்குக்குள் இறங்காது, பிறகு கிறீஸோடு வழித்து எடுக்கலாம். மற்ற மூன்று சிலிண்டரையும் துணியால் அடையுங்கள்.

சுவர் சுத்தமான பிறகு மறுபடி கலவை. பிறகு, பிஸ்ரன் அளவுக்கு வட்டமாக ஒரு மரக்கட்டை வெட்டி நாலாம் பிஸ்ரன் மேல் வைத்து, நடுத்தரச் சுத்தியலால் தட்டுங்கள். ஒருவர் தட்ட, இன்னொருவர் ஸ்ராட்டர் ஓட்டைக்குள்ளால் பறக்கும் சில்லின் பல்லில் தடித்த நெம்பியைக் கொடுத்து மெல்ல அழுத்திப் பிடிக்கட்டும். கைப்பிடியைவிட அங்கே பலம் அதிகம், ஏனென்றால் நெம்பி பலத்தைப் பெருக்கும். பல்லைக் கடித்துவிடாமல் பாருங்கள்.

ஒரு நூல் அசைந்தால் போதும். உடனே மறுபக்கம் திருப்புங்கள். மேலே ஏறும்போது சுவரைத் துடைத்து எண்ணெய் விட்டுத்தான் அடுத்த நூல். முழுச் சுற்று இன்றைக்கு வேண்டாம்.

ஸ்காபரோ ரவி

எல்லோரும் வேலை முடிந்ததும் படம் போடுவார்கள், இடையில் போடுவதில்லை. அந்தச் சிவப்பு வளையத்தைப் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி, பிறகு வருபவர்களுக்குப் பிரயோசனம்.

உப்புவெளி மைனர்

படம் போட்டிருக்கிறேன்.

அசைந்துவிட்டது! மச்சான் நெம்பியைப் பிடித்திருந்தார், நான் தட்டினேன். தட்டத் தட்ட ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று மச்சான் "விடுது, விடுது" என்று கத்தினார். பிறகு அந்தப் பக்கம் இந்தப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து, இன்று கைப்பிடியால் முழுச் சுற்றும் போகிறது. மாமா கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு, நாங்கள் எதைத் தொட்டாலும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாலாம் சுவரில் இரண்டு இடத்தில் சின்னக் குழி மாதிரி இருக்கிறது. இப்படியே பூட்டலாமா?

மட்டு லேத்

விரல் நகத்தைக் குழிக்கு மேலே இழுத்துப் பாருங்கள். நகம் தடக்காமல் போனால் ஓடலாம், கொஞ்சம் ஒயில் குடிக்கும், அவ்வளவுதான். நகம் தடக்கினால் போரிங் செய்து (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி) பெரிய சைஸ் பிஸ்ரன் போட வேண்டும், அல்லது அந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்லீவ், அதாவது உள்ளே ஒரு புதுக் குழாய்.

யாழ் கேம்பிரிட்ஜ்

பூட்டுவதென்றால் ரிங்குகள் தங்கள் காடிக்குள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்தீர்களா? சுற்றுகிறது என்பதற்காக ரிங் விட்டுவிட்டது என்று இல்லை. நாலாம் பிஸ்ரனையாவது சம்பைக் கழற்றி வெளியே எடுத்துப் பார்ப்பது நல்லது.

கிண்ணியா பாஸ்

யாழ் தம்பி சொன்னது சரி. றொட்டின் பெரிய முனைப் பெயரிங்கையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பூட்டும்போது: ஹெட் நட்டு 40 இறாத்தல்-அடி, நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று தவணையாக. வால்வு இடைவெளி 0.012 அங்குலம். எந்த வால்வு எப்போது என்பதற்கு ஒன்பதுக் கணக்கு: எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை, இப்படிக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். பற்றவைக்கும் வரிசை 1, 3, 4, 2. பழைய ஒயில் முழுதும் வடித்துப் புது ஒயில், புது பில்ற்றர். பிளக் போடாமல் ஸ்ராட்டரால் சுற்றி, ஒயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக் பூட்ட வேண்டும். முதல் தடவை சூடாகி ஆறியதும் ஹெட்டை மறுபடி இறுக்கி, இடைவெளியையும் மறுபடி பாருங்கள்.

ராங்கில் இருக்கும் 2022 பெற்றோலை எஞ்சினுக்கு விட வேண்டாம்.

உப்புவெளி மைனர்

நகம் தடக்குகிறது பாஸ், ஒரு குழியில். புளொக்கை இறக்கி மட்டக்களப்புக்கு ஏற்றப்போகிறேன், லேத் அண்ணைக்கு உள்பெட்டியில் எழுதியிருக்கிறேன். ஆனால் காரைத் தள்ளி வெளியே எடுக்க முடியவில்லை, பின் சில்லு இரண்டும் சுற்றவில்லை. அதுவும் கறளா?

கிண்ணியா பாஸ்

கைப்பிறேக் போட்டபடி விட்டிருப்பார்கள். லைனிங் டிரம்மோடு ஒட்டிவிடும். கைப்பிறேக் கேபிளை முழுதாகத் தளர்த்துங்கள். சில்லைக் கழற்றினால் டிரம் முகத்தில் ஓர் ஓட்டை தெரியும், அதற்குள் ஸ்குரூ டிரைவர் விட்டு அட்ஜஸ்ரரை இடப்பக்கம் திருப்பித் தளர்த்துங்கள். டிரம்மின் ஓரத்தைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டினால் விடும். உள்ளே எண்ணெய் மட்டும் அடிக்க வேண்டாம், லைனிங் குடித்துவிடும். இனிமேல் நாட்கணக்கில் நிறுத்திவைத்தால் கியரில் போட்டுச் சில்லுக்குக் கல் வையுங்கள், கைப்பிறேக் வேண்டாம்.

உப்புவெளி மைனர்

சரி பாஸ். 1098க்கு ஓவர்சைஸ் பிஸ்ரனும் ரிங் செட்டும் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைக்குமா, இப்போதே சொல்லி வைக்கவா?

மட்டு லேத்

இப்போது எதையும் வாங்க வேண்டாம். இந்தப் புளொக்கை முன்பே யாராவது போரிங் செய்திருக்கலாம், அறுபது வருடக் கார். அப்படியென்றால் பிஸ்ரன் தலையைத் துடைத்தால் 20 அல்லது 40 என்று (அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு பெரிது என்று) அடித்திருக்கும், அதைப் பார்த்து எழுதுங்கள். புளொக் வரட்டும், நாலு சிலிண்டரும் அளந்து எந்த சைஸ் என்று நான் சொன்ன பிறகு ஓடர் கொடுக்கலாம். வரும்போது நாலாம் பிஸ்ரனையும் பழைய ரிங்குகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், முறிந்திருந்தாலும் பரவாயில்லை.